இருநூறு மீட்டர், இரண்டு விலை: முதல் டைவ் வாட்ச் வாங்குகிறவருக்கு

மேசையில் இரண்டு டைவ் வாட்ச்சுகள், அதாவது தண்ணீருக்குள் முக்குளிப்பவர்களுக்கென்று வந்த வகை. ஒன்று ஓரியன்ட் கமாசு, மற்றது சீகோ எஸ்பிபி143. இரண்டும் ஜப்பானியப் பெயர்கள். இரண்டும் பேட்டரி இல்லாமல் ஓடும் ஆட்டோமேட்டிக். இரண்டிலும் 200 மீட்டர் என்று எழுதியிருக்கிறது, தண்ணீரில் அத்தனை ஆழம் தாங்கும் என்று பொருள். இரண்டின் மேலும் கீறல் எளிதில் விழாத சஃபையர் கண்ணாடி. நாளொன்றுக்கு 25 நொடி வரை முந்தலாம், 15 நொடி வரை பிந்தலாம் என்று இரண்டு நிறுவனங்களும் ஒரே கணக்கைத்தான் சொல்கின்றன. விலைக்கு வந்தால் கதை வேறு. எஸ்பிபி143 வெளியான 2020இல் அமெரிக்காவில் அதன் விலை 1,200 டாலர். கமாசு 300 டாலருக்குள்ளேயே கிடைத்தது. ரூபாய் விலை இறக்குமதி வரி, கடை, தள்ளுபடிக் காலம் எல்லாம் பார்த்து ஏறி இறங்கும். ஏறத்தாழ நான்கு மடங்கு வித்தியாசம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நேரம் காட்டுவதும் அதே, ஆழமும் அதே என்றால் மீதிப் பணம் எங்கே போகிறது? இந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு கடைக்குப் போனால் எந்த டைவ் வாட்ச்சையும் சோதித்து வாங்கலாம். கீழே உள்ள படிகள் இந்த இரண்டு வாட்ச்சுகளை வைத்துச் சொல்லப்பட்டவை என்றாலும், நீங்கள் வேறு எந்த இரண்டை ஒப்பிட்டாலும் பொருந்தும்.

முதலில் உறவுமுறையைச் சொல்லிவிடுகிறேன், பலருக்கு இதில் குழப்பம். ஓரியன்ட் நிறுவனம் 2009 முதல் முழுமையாக சீகோ எப்சன் நிறுவனத்தின் கையில் இருக்கிறது. சீகோ வாட்ச்சுகளை விற்பது வேறு நிறுவனம். வேர் ஒன்றுதான், வீடு வேறு. நம் ஊர்க் கணக்கில் பங்காளிகள். ஆகவே 'ஓரியன்ட் என்பது சீகோவின் மலிவுப் பதிப்பு' என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். கமாசுவின் உள்ளே ஓடுவது ஓரியன்ட் தானே செய்யும் எஃப்6922 மெஷின். கமாசு என்றால் ஜப்பானிய மொழியில் சீலா மீன்.

படி 1: தண்ணீரில் எவ்வளவு தூரம் போவீர்கள்?

பொழுதுபோக்குக்காக முக்குளிப்பவர்களுக்கு உலகெங்கும் வைத்திருக்கும் எல்லை 40 மீட்டர். அடிப்படைப் பயிற்சி முடித்தவருக்கு 18 மீட்டர்தான். அப்படிப் போகிறவரும் இன்று கையில் கட்டுவது ஆழத்தையும் நேரத்தையும் கணக்கிட்டுக் காட்டும் டைவ் கம்ப்யூட்டரை. வாட்ச் வெறும் துணை. எனவே 200 மீட்டருக்கும் 300 மீட்டருக்கும் நடுவே மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் வாட்ச் பார்க்கப்போகும் தண்ணீர் மழை, வியர்வை, நீச்சல் குளம், எப்போதாவது கடற்கரை. அதற்கு இரண்டுமே தாராளமாகப் போதும்.

பிறகு ஏன் டைவ் வாட்ச்? முரட்டுத்தனமாகப் பயன்படுத்தலாம், ஒரே பார்வையில் நேரம் தெரியும், சட்டைக்கும் வேட்டிக்கும் பொருந்தும். அழகாகவும் இருக்கிறது, இதை மறைப்பானேன். 1953இல் பிளாங்பான் நிறுவனம் பிரெஞ்சுக் கடற்படை முக்குளிப்பாளர்களுக்காகச் செய்த வாட்ச்சின் பெயர் ஃபிஃப்டி ஃபேதம்ஸ். நம் மீனவர்கள் ஆழத்தைப் பாகக் கணக்கில் சொல்வார்களே, அந்தக் கணக்கில் ஐம்பது பாகம், 91 மீட்டர். இன்று அலுவலக மேசைகளில் வாழும் டைவ் வாட்ச்சுகள் எல்லாம் அதன் வாரிசுகளும், அதே காலத்தில் வந்த ரோலெக்ஸ் சப்மரைனரின் வாரிசுகளும்தான்.

படி 2: டயலில் உள்ள ஒரு சொல்லைத் தேடுங்கள்

கடையில் நான் முதலில் பார்ப்பது டயலின் கீழ்ப்பாதியை. சீகோவில் 'டைவர்ஸ் 200 மீ.' என்று இருக்கும். கமாசுவில் 200 மீ. என்ற எண் உண்டு, 'டைவர்ஸ்' என்ற சொல் இல்லை. இது அச்சுப் பிழையும் இல்லை, அலங்காரமும் இல்லை. ஐஎஸ்ஓ 6425 என்ற சர்வதேசத் தரவிதியில் தேறிய வாட்ச்தான் அந்தச் சொல்லைப் போட்டுக்கொள்ளலாம்.

அந்தத் தேர்வு கொஞ்சம் கடுமையானது. சொன்ன ஆழத்தைவிட 25 விழுக்காடு கூடுதல் அழுத்தம் கொடுப்பார்கள். 200 மீட்டர் வாட்ச் என்றால் 250 மீட்டருக்குச் சமமான அழுத்தத்தில் இரண்டு மணிநேரம். உப்புக் கரைசலில் ஒரு நாள் முழுக்க ஊறவைப்பதும் உண்டு. இருட்டில் 25 சென்டிமீட்டர் தூரத்திலிருந்து நேரம் தெரிய வேண்டும், வாட்ச் ஓடிக்கொண்டிருக்கிறது என்பதும் தெரிய வேண்டும். காந்தத்துக்கும் அடிக்கும் தாங்க வேண்டும். எனக்குப் பிடித்தது ஈரம் பார்க்கும் சோதனை. வாட்ச்சை 40 முதல் 45 டிகிரி வரை சூடான தட்டில் வைத்து, சூடேறிய கண்ணாடியின் மேல் குளிர்ந்த நீர்த்துளி ஒன்றை விட்டு, ஒரு நிமிடம் கழித்துத் துடைப்பார்கள். உள்பக்கத்தில் ஆவி படிந்திருந்தால் வாட்ச் தோற்றது. தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்துப் பதம் பார்ப்பவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. ஆனால் வீட்டில் செய்து பார்க்க வேண்டாம்.

இன்னொரு வேறுபாடு. சாதாரண நீர்காப்பு வாட்ச்சுகளுக்கான தரவிதி வேறு. அதில் ஒரு தொகுதியிலிருந்து சிலவற்றை எடுத்துச் சோதித்தால் போதும். 6425இல் ஒவ்வொரு வாட்ச்சும் அழுத்தச் சோதனையைத் தாண்டியாக வேண்டும். கூடுதல் விலையில் ஒரு பங்கு இந்தச் சோதனைக்குப் போகிறது. முக்குளிக்கப் போகிறவர் இதற்குப் பணம் கொடுக்கலாம். நீச்சல் குளத்தோடு நிறுத்திக்கொள்பவருக்கு இது மனநிம்மதி மட்டுமே.

படி 3: சாவியைத் திருகிப் பாருங்கள்

வாட்ச்சின் பக்கவாட்டில் இருக்கும் குமிழை கிரவுன் என்பார்கள். சாவி கொடுக்கும் வாட்ச் கட்டி வளர்ந்தவர்களுக்கு அது சாவிதான். நானும் அப்படியே சொல்கிறேன். டைவ் வாட்ச்சில் இந்தச் சாவி போத்தல் மூடிபோலத் திருகி மூடும். தண்ணீர் உள்ளே போவதற்கு இருக்கும் முதல் வாசல் அதுதான்.

கடைக்காரரிடம் அனுமதி கேட்டு நீங்களே திறந்து மூடிப் பாருங்கள். உங்கள் பக்கமாகத் திருகினால் மெல்லத் தளர்ந்து, கடைசிச் சுற்றில் ஸ்பிரிங் தள்ள வெளியே எழும்பும். மூடும்போதுதான் புதியவர்கள் தவறு செய்கிறார்கள். நேராக அழுத்தித் திருகினால் புரி மாறி ஏறிவிடும். சாவியை லேசாக அழுத்தியபடி முதலில் திறக்கும் திசையிலேயே கால் சுற்று திருப்புங்கள். புரி தன் இடத்தில் விழும் சிறு 'டிக்' விரலுக்குத் தெரியும். அதன் பிறகு மூடும் திசையில் திருகுங்கள். முடியும்வரை திருகினால் போதும், பலம் காட்ட வேண்டாம். நல்ல சாவி வெண்ணெயில் கத்திபோல இறங்கும். மணல் அரைப்பதுபோல் நறநறவென்றால் வேறு பிரதி கேளுங்கள்.

கமாசுவில் சாவிக்கு இருபுறமும் உலோகத் தோள்கள் காவலுக்கு நிற்கின்றன. எஸ்பிபி143இல் அவை கிடையாது. 1965இல் சீகோ செய்த முதல் டைவ் வாட்ச்சின் சாயலில் செய்ததால் சாவி திறந்தவெளியில் நிற்கிறது. கதவில் கையை இடித்துக்கொள்ளும் சுபாவம் உள்ளவர்கள் கவனிக்கலாம்.

இந்தப் பத்தியை எழுதுவதற்கு எனக்கு ஒரு தகுதி உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் குற்றாலத்தில், இவை இரண்டும் அல்லாத வேறொரு 200 மீட்டர் வாட்ச்சோடு அருவிக்கடியில் நின்றேன். காலையில் தேதி மாற்றிவிட்டுச் சாவியைத் திருகி மூட மறந்திருந்தேன். அறைக்குத் திரும்பித் தலை துவட்டும்போது பார்த்தால், கண்ணாடிக்கு உள்ளே, மூன்று மணிப் பக்கத்தில், பிறைபோல ஒரு வெண்புகை. மத்தியானத்துக்குள் அது நான்கு துளிகளாகத் திரண்டு நின்றது. இருநூறு மீட்டர் என்று எழுதியிருந்தது உண்மைதான். ஐந்து மீட்டர்கூட வராத தண்ணீரில் நனைந்ததும் உண்மைதான். தவறு முழுக்க என்னுடையது. மெஷினைக் கழற்றித் துடைத்து எண்ணெய் விட்டுத் தர வாட்ச் ரிப்பேர்காரர் வாங்கிய தொகையைக் கேட்டு என் மனைவி இன்றும் சிரிக்கிறாள்.

படி 4: சுழலும் வளையம்

டயலைச் சுற்றியுள்ள எண் வளையத்தை பெசல் என்பார்கள். டைவ் வாட்ச்சில் அது ஒரு பக்கம் மட்டுமே சுழலும், கடிகாரம் ஓடும் திசைக்கு எதிராக. காரணம் எளியது. தண்ணீருக்குள் இறங்கும்போது வளையத்தில் உள்ள முக்கோணத்தை நிமிடமுள்ளுக்கு நேரே வைத்துவிடுவார்கள். சற்று நேரம் கழித்து நிமிடமுள் வளையத்தில் எந்த எண்ணைத் தொடுகிறதோ அத்தனை நிமிடம் போயிருக்கிறது என்று பொருள். வளையம் எதிலாவது இடித்து நகர்ந்தாலும், போன நேரம் கூடுதலாகத்தான் தெரியும், குறைவாகத் தெரியாது. ஆள் சீக்கிரம் மேலே வருவாரே தவிர, காற்று தீர்ந்து அடியில் சிக்கமாட்டார்.

சோதிக்கும் முறை இது. முக்கோணத்தைப் பன்னிரண்டுக்கு நேரே கொண்டுவந்து, வாட்ச்சைக் கண்ணுக்கு எதிரே செங்குத்தாகப் பிடியுங்கள். முக்கோணத்தின் நுனி, அதற்குக் கீழே டயலில் உள்ள பன்னிரண்டு மணிக் குறி, இரண்டும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். அரைச் சொடுக்கு தள்ளி நிற்கும் வாட்ச்சுகள் எந்த நிறுவனத்திலும், எந்த விலையிலும் வரும். முதல் நாள் கண்ணில் படாது. பட்டுவிட்டால் அப்புறம் தினமும் அது ஒன்றுதான் கண்ணில் படும். பிறகு வளையத்தைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள், எவ்வளவு ஆட்டம் கொடுக்கிறது என்று.

வளையத்தின் மேல்தகடு கமாசுவில் அலுமினியம். எஸ்பிபி143இல் கடினப் பூச்சு ஏற்றிய எஃகு. அலுமினியம் கீறல் வாங்கும், ஆண்டுகள் போனால் வெளிறும். அந்த வெளிறலை அழகு என்று கொண்டாடுபவர்களும் இருக்கிறார்கள். ஒரு வகையில் நானும் அந்தக் கட்சி.

படி 5: நூலும் அளவுகோலும்

விளம்பரத்தில் போடுவது வாட்ச்சின் விட்டத்தை. கையில் பொருந்துமா என்று சொல்வது அந்த அளவு இல்லை. பட்டை மாட்டும் கொம்பின் மேல்நுனியிலிருந்து கீழ்நுனி வரை உள்ள நீளம்தான் சொல்லும். கமாசுவின் விட்டம் 41.8 மி.மீ., கொம்பு முதல் கொம்பு வரை 46.8, தடிமன் 12.8. எஸ்பிபி143இன் விட்டம் 40.5, கொம்பு முதல் கொம்பு 47.6, தடிமன் 13.2. விட்டத்தைப் பார்த்தால் கமாசு பெரியது. கையில் அது நீட்டிக்கொள்ளும் தூரமோ சற்றுக் குறைவு. காகிதத்தில் இதைப் படித்தால் யாருக்கும் புரியாது, கட்டிப் பார்த்தால் உடனே புரியும்.

கட்டிப் பார்க்க வழியில்லாதவர்கள் மணிக்கட்டின் மேல்புறத்தில், எலும்பு இறங்கும் ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை, தட்டையான அகலத்தை அளவுகோலால் அளந்துகொள்ளுங்கள். அந்த அகலத்தைவிடக் கொம்பு நீளம் கூடினால் வாட்ச் கையில் உட்காராது. கூரை ஓடுபோல ஓரத்தில் துருத்தி நிற்கும். 50 மி.மீ.க்கும் குறைந்த மெல்லிய கை உள்ளவர்களுக்கு இரண்டுமே விளிம்பில்தான் நிற்கும், அவசரப்பட வேண்டாம்.

பட்டையின் அகலம் கமாசுவுக்கு 22 மி.மீ., சீகோவுக்கு 20. இதைக் குறித்து வையுங்கள், ஏனென்றால் நம் வெயிலில் செயினைக் கழற்றி ரப்பர் அல்லது நைலான் பட்டை போடும் நாள் வந்தே தீரும். தோல் பட்டை வேண்டாம். சித்திரை மாதத்தில் அது வியர்வையைக் குடித்து ஊசிப்போன ஊறுகாய்போல நாறும். எஸ்பிபி143இன் கொம்புகளில் துளை இருக்கிறது. மெல்லிய ஊசியால் வெளியிலிருந்து அழுத்தினால் பட்டை கழன்று வரும். கமாசுவில் உள்பக்கமாகக் கருவியை நுழைத்து நெம்ப வேண்டும், முதல் தடவை ஒரு கீறலாவது போடுவீர்கள்.

படி 6: டியூப்லைட்டுக்கு அடியில் திருப்புங்கள்

விலையில் மிகப் பெரிய பங்கு எங்கே போகிறது என்பது இந்தப் படியில்தான் தெரியும். ஆகவே இதற்கு நேரம் எடுத்துக்கொள்ளுங்கள்.

கடையில் வாட்ச்சின் மேல் விழும் சிறு மின்விளக்குகள் எல்லாவற்றையும் வைரமாக்கிவிடும். அங்கிருந்து நகர்ந்து சாதாரண டியூப்லைட்டுக்கு அடியில் வந்து, வாட்ச்சை மெல்லச் சாய்த்துக்கொண்டே போங்கள். வாட்ச்சின் உலோகக் கூட்டின் மேல்புறம் மெல்லிய கோடுகளாகத் தேய்க்கப்பட்டிருக்கும், பக்கம் கண்ணாடிபோல மெருகேறியிருக்கும். இரண்டும் சந்திக்கும் ஓரத்தைப் பாருங்கள். விலை கூடிய வாட்ச்சில் அந்த ஓரம் புதிதாகத் தீட்டிய அரிவாள் விளிம்புபோல ஒரே கோடாக ஓடும். ஒளி அந்தக் கோட்டில் வந்ததும் சட்டென்று மாறும். விலை குறைந்ததில் ஓரம் சற்று மழுங்கி, ஒளி வழிந்து போகும். எஸ்பிபி143இன் கொம்புகளில் இந்த மாற்றத்தைப் பார்த்துவிட்டு உடனே கமாசுவைப் பாருங்கள். கமாசு மோசமில்லை, அதன் விலைக்கு நன்றாகவே செய்திருக்கிறார்கள். ஆனால் அருகருகே வைத்தால் தெரிந்துவிடும்.

சீகோவின் கூட்டுக்கு டயாஷீல்டு என்ற கடினப் பூச்சும் உண்டு. சின்னச் சின்ன உரசல்கள் அதில் அவ்வளவு சீக்கிரம் பதியாது. ஆழமான அடி விழுந்தால் பதியத்தான் செய்யும். அந்தப் பூச்சுள்ள கூட்டை மறுபடி மெருகேற்றுவது ஊர்ப் பட்டறை வேலை இல்லை.

டயலுக்கு வருவோம். சீகோவில் கரிச்சாம்பல் நிறம். நிழலில் கறுப்பு, வெயிலில் நடுவிலிருந்து கதிர் விரிக்கும். கமாசு கறுப்பு, நீலம், பச்சை, சிவப்பு என நான்கு நிறங்களில் வந்தது. அந்தச் சிவப்பு, மாதுளை முத்துகளின் அடர் சிவப்பு, இந்த விலையில் வேறெங்கும் எளிதில் கிடைக்காது. கமாசு கிழமையும் தேதியும் காட்டும். சீகோ தேதி மட்டும். அதன் வளைந்த கண்ணாடியின் உள்பக்கத்தில் கூசாமல் இருக்கப் பூச்சு இருக்கிறது. பகல் வெளிச்சத்தில் டயல் தெளிவாகத் தெரியும்.

பிறகு இருட்டுச் சோதனை. வாட்ச்சை அரை நிமிடம் போன் டார்ச்சில் காட்டி, இரு கைகளாலும் பொத்தி உள்ளே எட்டிப் பாருங்கள். ஒளிரும் பூச்சை நம் ஊரில் இன்னமும் 'ரேடியம்' என்கிறார்கள். ரேடியம் கைவிடப்பட்டு வெகு காலமாகிவிட்டது. இப்போதிருப்பது வெளிச்சத்தைக் குடித்து மெல்லத் திருப்பித் தரும் தீங்கில்லாத பூச்சு. முதல் நிமிடத்தில் எல்லா வாட்ச்சும் மின்மினிதான். முடிந்தால் பத்து நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். சீகோவின் லுமிபிரைட் பூச்சு பெயர் வாங்கியது அந்தப் பத்தாவது நிமிடத்தில்தான்.

படி 7: வெள்ளி மாலையும் திங்கள் காலையும்

ஆட்டோமேட்டிக் என்றால் மந்திரமில்லை. உள்ளே அரைவட்ட எடை ஒன்று கை அசையும்போதெல்லாம் சுழன்று ஸ்பிரிங்கை முறுக்குகிறது. கழற்றி வைத்தால் முறுக்கு தளர்ந்து நின்றுவிடும். கமாசு 40 மணிநேரம் தாங்கும். சீகோவில் இருக்கும் 6ஆர்35 மெஷின் 70 மணிநேரம்.

இதை வாழ்க்கையில் வைத்துப் பாருங்கள். வெள்ளிக்கிழமை மாலை ஏழு மணிக்கு அலுவலகத்திலிருந்து வந்து கழற்றி வைக்கிறீர்கள். கமாசு ஞாயிறு காலை பதினொரு மணிவாக்கில் நின்றுபோகும். திங்கள் காலை பஸ்ஸுக்கு ஓடும் நேரத்தில் சாவி கொடுத்து, மணி வைத்து, தேதி வைத்து, கிழமையும் வைக்க வேண்டும். சீகோ திங்கள் மாலை ஐந்து வரை ஓடும். எடுத்து மாட்டிக்கொண்டு போகலாம். ஒரே வாட்ச்சைத் தினமும் கட்டுபவருக்கு இந்த 30 மணிநேரத்தால் பயனே இல்லை. இரண்டு மூன்று வாட்ச் மாற்றிக் கட்டுபவருக்கு இதைவிடப் பெரிய வசதி இல்லை. நீங்கள் எந்த வகை என்று நேர்மையாக யோசியுங்கள்.

நேரம் தவறாமையில் ஆசை வைக்க வேண்டாம். 25 நொடி முந்தும் வாட்ச் வாரத்தில் ஏறக்குறைய மூன்று நிமிடம் முந்திவிடும். தெருமுனையில் விற்கும் பேட்டரி வாட்ச் இரண்டையும் தோற்கடிக்கும், இதில் மறைக்க ஒன்றுமில்லை. நடைமுறையில் இரண்டும் சொன்ன எல்லையைவிட நன்றாகவே ஓடும். இரண்டு மெஷின்களும் நொடிக்கு ஆறு துடிப்பு. சாவியை இழுத்தால் இரண்டிலும் நொடிமுள் நிற்கும். இரண்டுக்கும் கையாலும் சாவி கொடுக்கலாம். இதையெல்லாம் நான்கில் ஒரு பங்கு விலையில் கமாசு கொடுப்பதுதான் அதன் பெரிய வாதம்.

படி 8: பழுதுபார்க்கும் செலவை இப்போதே கேளுங்கள்

யாரும் கேட்காத கேள்வி இது. ஆட்டோமேட்டிக் வாட்ச்சைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பிரித்துத் துடைத்து எண்ணெய் விட வேண்டும். நீர் காக்கும் ரப்பர் வளையங்களையும் மாற்ற வேண்டும். விலை குறைந்த வாட்ச்சில் இந்த வேலைக்கான கூலி வாட்ச் விலையில் கணிசமான பங்காகிவிடும். மெஷினையே மாற்றிவிடுங்கள் என்று சொல்லும் ரிப்பேர்காரர்களும் உண்டு, அது தவறான யோசனையும் இல்லை. விலை கூடியதில் சர்வீஸ் செலவு நியாயமாகத் தெரியும். உங்கள் ஊரில் எந்தப் பிராண்டுக்கு அதிகாரபூர்வ சர்வீஸ் இருக்கிறது என்று வாங்குவதற்கு முன்பே விசாரித்துவிடுங்கள். சர்வீஸ் முடிந்ததும் அழுத்தச் சோதனை செய்து தருவார்களா என்றும் கேளுங்கள். செய்ய மாட்டோம் என்றால் அந்த வாட்ச்சோடு குளத்தில் இறங்காதீர்கள். வெளிநாட்டு இணையக் கடையில் மலிவாக வாங்கினால் முத்திரையிட்ட உத்தரவாத அட்டை நம் நாட்டில் செல்லுமா என்பதையும் பாருங்கள். ஒருவேளை செல்லாது என்றால், மிச்சமான தொகையைச் சர்வீஸுக்கென்று தனியே எடுத்து வையுங்கள்.

எதை வாங்கலாம்?

என்னைக் கேட்டால், முதல் வாட்ச் என்றால் கமாசு. தயக்கமே இல்லை. ஓராண்டு கட்டுங்கள். அதற்குள் உங்களுக்கு எது தொந்தரவு தருகிறது என்று தெரிந்துவிடும். திங்கள்கிழமை நிற்பதா, அலுமினிய வளையத்தில் விழும் கீறலா, ஓரங்களின் மழுக்கமா? எதுவுமே தொந்தரவு தரவில்லை என்றால் 900 டாலர் மிச்சம். ஒரு நல்ல முக்குளிப்புப் பயிற்சிக்கே போய்வரலாம்.

வாட்ச்சைக் கழற்றி வைத்துவிட்டு அதை வெறுமனே பார்த்துக்கொண்டிருக்கும் ஆள் நீங்கள் என்றால் விஷயம் வேறு. எஸ்பிபி143 உங்களுக்காகச் செய்தது. 2024இல் சீகோ இதன் அடுத்த தலைமுறையைக் கொண்டுவந்தது. விட்டம் 40 மி.மீ., ஆழம் 300 மீட்டர், 72 மணிநேரம் ஓடும் 6ஆர்55 மெஷின். அதனால் 143 இன்று பழைய இருப்பாகவோ கைமாறியதாகவோ குறைந்த விலையில் கண்ணில் படலாம். கைமாறியது என்றால் யார் எப்போது பின்மூடியைத் திறந்தார்கள் என்று தெரியாது. அழுத்தச் சோதனை செய்யாமல் தண்ணீரில் இறக்காதீர்கள்.

வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு

நின்றிருக்கும் வாட்ச்சை ஓட்டுவதற்கு ஒரு வரிசை உண்டு. சாவியைத் திருகித் திறந்து, முப்பது சுற்று சாவி கொடுங்கள். முள்களை ஆறு மணிக்குக் கொண்டுவாருங்கள். இரவு ஒன்பதிலிருந்து அதிகாலை மூன்றுவரை தேதிச் சக்கரம் பல்லோடு பல் கோத்திருக்கும். அந்த நேரத்தில் தேதியைத் தள்ளினால் பல் உடையலாம். தேதியை நேற்றைய தேதியாகவும், கிழமை இருந்தால் நேற்றைய கிழமையாகவும் வையுங்கள். பிறகு முள்களை முன்னோக்கிச் சுற்றுங்கள். தேதி மாறும் இடம்தான் நள்ளிரவு. அங்கிருந்து இப்போதைய நேரம்வரை கொண்டுபோய் நிறுத்தி, படி 3இல் சொன்னபடி சாவியைத் திருகி மூடுங்கள். மூடியதை இன்னொரு முறை தொட்டுப் பாருங்கள். குற்றாலம் ஞாபகம் இருக்கட்டும்.

கடலில் நனைந்தால் அன்றே நல்ல தண்ணீரில் அலசி, வளையத்தை இரண்டு சுற்றுச் சுற்றிவிடுங்கள்; உப்பு அடியில்தான் ஒளிந்திருக்கும். வெந்நீர்க் குளியலுக்கும் நீராவிக்கும் கழற்றி வையுங்கள், சூடு ரப்பருக்கு ஆகாது. ஒரு நாள் திடீரென்று வாட்ச் நிமிடக்கணக்கில் முந்த ஆரம்பித்தால் பயப்பட வேண்டாம். ஸ்பீக்கர் பக்கத்திலோ காந்தப் பூட்டு வைத்த பை மேலேயோ வைத்திருப்பீர்கள், காந்தம் ஏறியிருக்கும். ரிப்பேர்காரர் ஒரு சின்னப் பெட்டியின் மேல் வைத்து சில நொடிகளில் இறக்கிக் கொடுத்துவிடுவார்.

அப்புறம் அந்தச் சுழலும் வளையம். அதைச் சும்மா விடாதீர்கள். இட்லிக் கொப்பரையை அடுப்பில் ஏற்றி ஆவி வந்ததும் முக்கோணத்தை நிமிடமுள்ளுக்கு நேரே திருப்புங்கள். முள் வளையத்தில் பத்தைத் தொடும்போது மூடியைத் திறக்கலாம். திறக்கும்போது மட்டும் வாட்ச் கட்டிய கையை ஆவிக்குக் காட்டாதீர்கள்.